768

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும், ஆட்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் அச்சங்குளத்தில், சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம் நடுவில் இருக்க, அக்கா மகன் என்னைக் கேட்டான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம்.

“மாமா, இந்த அசெம்பிளிய இன்னும் படிக்கணுமா? ஏஐயே கோடு எழுதிக் குடுத்துருது. சீ லாங்குவேஜே பழசுங்கிறாய்ங்க. இதுல அதுக்கும் அடியில போயி என்ன பண்ணப்போறேன்?”

முப்பது வருஷமாகச் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து அச்சகங்களுக்கும் பட்டறைகளுக்கும் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. அதனால்தான் என்னிடம் கேட்டான். “எழுதத் தெரியணும்னு இல்லடா, வாசிக்கத் தெரிஞ்சா போதும்” என்றேன். அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

முதலில் அவன் என்ன படித்திருக்கிறான் என்று பார்ப்போமே என்று, “லேப்ல என்ன செஞ்ச?” என்றேன். “ரெண்டு நம்பர் கூட்டுறது மாமா. 4100-ல ஆரம்பிச்சு டைப் பண்ணணும். 76 அடிச்சா முடிஞ்சது.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பாலிடெக்னிக்கில் படித்தபோதும் அதே 4100, அதே 76. தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டரோ படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் 76 என்றால் ‘ஹால்ட்’, அதாவது நில் என்ற கட்டளை என்று சொல்வார்கள். 8085 என்ற அந்த மைக்ரோபிராசஸரை இன்டெல் வெளியிட்டது 1976-ல். புதிதாக ஒரு பொருள் செய்கிறவன் யாரும் இன்றைக்கு அதைக் கையில் எடுப்பதில்லை. நம் ஆய்வகங்களில் மட்டும் அது நீண்ட ஆயுளோடு இருக்கிறது.

சேவுப் பொட்டலத்தின் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்து எழுதச் சொன்னேன். எழுதினான். ‘எம்விஐ ஏ, 05’ என்றால் ஏ என்ற பெட்டியில் 5-ஐ வை. ‘எம்விஐ பி, 03’ என்றால் பி என்ற பெட்டியில் 3-ஐ வை. ‘ஆட் பி’ என்றால் பி-யில் இருப்பதை ஏ-யோடு கூட்டு. ‘எஸ்டிஏ 4200’ என்றால் விடையை 4200 என்ற முகவரியில் போடு. ‘ஹெச்எல்டி’ என்றால் நில். இந்த ஐந்து வரிதான் அசெம்பிளி. ஆனால் ஆய்வகத்தில் இருக்கிற 8085 பயிற்சிக் கிட்டில் இதை அப்படியே அடிக்க முடியாது. அட்டவணையைப் பார்த்து எண்ணாக மாற்ற வேண்டும்: 3ஈ 05, 06 03, 80, 32 00 42, 76. மொத்தம் ஒன்பது பைட்டு. எந்திரத்துக்குத் தெரிந்தது இந்த ஒன்பது எண் மட்டும்தான். அந்த எண்களுக்கு மனுஷன் வைத்துக்கொண்ட செல்லப்பெயர்தான் எம்விஐ, ஆட் எல்லாம். ஒரு வரிக்கு ஒரு கட்டளை. ‘சி’யிலோ பைத்தானிலோ எழுதுகிற ஒரு வரி அடியில் ஐந்தாகவும் ஐம்பதாகவும் பிரியும். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

“இதுல ஒரு விசயம் கவனிச்சியா? முகவரி 4200. நீ அடிச்சது 00 42. ஏன் தலைகீழா இருக்கு?”

“அப்படித்தான் அடிக்கணும்னு சொன்னாங்க மாமா.”

இதுதான் எனக்குக் குறை. இந்தப் பாடத்தில் சுவையான இடமே அதுதான். ஒரு நேரத்தில் ஒரு பைட்டு மட்டும் கையில் பிடிக்கிற எந்திரம், பெரிய எண்ணை இரண்டாக உடைத்து, சின்னப் பாதியை முதலில் வைத்துக்கொள்கிறது. நாம் கடிதத்தில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரிதுக்குப் போகிறோமே, அந்த மாதிரி. வேறு சில எந்திரங்கள் பெரிய பாதியை முதலில் வைக்கும். ஓர் எண் இரண்டு துண்டாக இருக்கிறது என்பதை மட்டும் மாணவன் மனதில் பதித்துவிட்டால் அந்த ஆய்வகம் அதன் வேலையைச் செய்துவிட்டது என்பேன். அதை விட்டுவிட்டு ஆப்கோடு அட்டவணையை ரெக்கார்டு நோட்டில் மூன்று பக்கம் பார்த்து எழுத வைக்கிறோம். பையன்கள் வெறுக்காமல் என்ன செய்வார்கள்?

அவன் கேட்ட கேள்வி புதியதல்ல. 1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, கையால் அசெம்பிளி எழுதுகிறவனுக்குச் சமமாக, அந்த மொழியை எந்திரக் கட்டளையாக மாற்றுகிற கம்பைலர் எழுதிவிடுமா என்ற சந்தேகம்தான் பலருக்கும் இருந்தது. எழுதியது. 1973-ல் யூனிக்ஸையே ‘சி’யில் திருப்பி எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் அசெம்பிளிக்கு இனி வேலை இல்லை என்றார்கள், ஒவ்வொரு தடவையும் முக்கால்வாசி சரியாகத்தான் சொன்னார்கள். இன்றைக்கு நான் உட்கார்ந்து கையால் எழுதினால் கம்பைலர் என்னை எளிதாகத் தோற்கடிக்கும். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டு என்று ஒரு சுழற்சி எழுதி ‘க்ளாங்’ கம்பைலரிடம் கொடுத்துப் பாருங்கள். அது சுழற்சியையே தூக்கி எறிந்துவிட்டு விடையைப் போட்டுவிடும். ‘எத்தனை வரை’ என்பதை மாறியாகக் கொடுத்தாலும் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எண்ணையும் அதற்கு அடுத்ததையும் பெருக்கிப் பாதியாக்குவது, கிட்டத்தட்ட அந்த வாய்ப்பாட்டைப் போட்டு ஒரே மூச்சில் முடித்துவிடும். இதோடு போட்டி போட்டுக் கையால் எழுதுகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு. செல்போனில் வீடியோ பார்க்கிறோமே, அதைப் பிரித்துக் காட்டுகிற ‘டேவிட்’ என்ற மென்பொருளில் (எழுத்துக்கூட்டல் வேறு, உச்சரிப்பு அப்படித்தான், ஏவி1 வகைப் படங்களுக்கானது) சி வரிகளைவிட அசெம்பிளி வரிகள் பல மடங்கு. அது அந்தச் சிலரின் வேலை. என் அக்கா மகன் அங்கே போவான் என்று எனக்குத் தோன்றவில்லை, அவனிடமே சொன்னேன்.

“அப்புறம் எதுக்கு மாமா வாசிக்கணும்?”

அதற்குப் பதிலாக, அதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத ஒரு கதையைச் சொன்னேன்.

2003 வாக்கில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் செய்கிற ஒரு பட்டறைக்கு எண்ணுகிற போர்டு ஒன்று செய்து கொடுத்தேன். மருந்து கிடையாது, வெறும் காகிதக் குழாய். எந்திரம் வெட்டித் தள்ளும் ஒவ்வொரு குழாயும் ஒரு சென்சாரைத் தாண்டிச் சாக்கில் விழும். நொடிக்கு இரண்டு விழும். ஆயிரம் ஆனதும் குழாய் விழும் வாய் மூடி, மணி அடிக்கும். ஆள் சாக்கை மாற்றுவான். எண்ணிக்கை சுழியத்துக்குப் போய்விடும். அந்தச் சாக்குகள் ஏஜெண்ட் வழியாக ஊர் ஊராகப் போகும். எங்கள் ஊரிலும் சில வீடுகளில் பெண்கள் குழாய்க்கு வண்ணத்தாள் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. குழாய் குறைந்தால் அதற்குப் பிடித்தம்.

8051 குடும்பத்து ஐசி ஒன்றைப் போட்டிருந்தேன். அதற்கு முன்பெல்லாம் அசெம்பிளியில்தான் எழுதுவேன். அந்தத் தடவை முதல்முறையாக முழுக்க ‘சி’யில் எழுதினேன். மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தது. பத்து சாக்கு ஓட்டி, எண்ணிப் பார்த்து, பத்தும் சரி என்று பில் போட்டுவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். வீடுகளுக்கு ஒட்டப் போகும் சாக்குகளில் எப்போதாவது ஒன்றில் குழாய் குறைகிறது என்று புகார். “மிஷின் பொய் சொல்லாதுல்ல? நடுவுல எவனோ கை வைக்கிறான், இல்ல வாங்குறவங்க மறைக்கிறாங்க” என்றார். நானும் போய்ப் பத்து சாக்கு ஓட்டினேன். பத்தும் ஆயிரம். மிஷின் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புகார் சொன்னவர்களில் ஓர் அக்கா எங்கள் தெருவிலேயே இருந்தார். ஒருநாள் நான் போவதைப் பார்த்துக் கூப்பிட்டு, வீட்டுச் சுவரைக் காட்டினார். கரித்துண்டால் தேதி போட்டு எழுதியிருந்தார். நான்கு மாதத்தில் மூன்று சாக்கு. மூன்றுக்கும் நேராக ஒரே எண்: 768, 768, 768.

“ஒவ்வொரு கொழாயா எண்ணிருக்கேன் தம்பி. ரெண்டு தடவ எண்ணிருக்கேன்.”

நான் அந்தச் சுவரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கை வைக்கிறவன் இருநூறு எடுப்பான், இரண்டு கை அள்ளினால் எவ்வளவு வருமோ அவ்வளவு எடுப்பான். மூன்று தடவையும் 232 எடுக்க மாட்டான். 768 என்பது மூன்று 256. தீப்பெட்டிக் கணக்கில் 144 ஒரு குரோஸ் என்பது போல, அந்த ஐசிக்கு 256 ஒரு கட்டு. அது எட்டு பிட் ஐசி. ஒரு பெட்டியில் 0 முதல் 255 வரைதான் வைக்கும். அதற்கு மேல் எண்ண இரண்டு பெட்டி வேண்டும், ஒன்றில் முழுக்கட்டு எத்தனை, மற்றதில் சில்லறை எத்தனை என்று. ஆயிரம் என்பது மூன்று கட்டும் சில்லறை 232-ம். சுவரில் இருந்தது சில்லறை இல்லாத மூன்று கட்டு. திருடன் என் போர்டுக்குள்ளேதான் இருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ‘சி’யில் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஒரே வரி: எண்ணிக்கை ஆயிரமோ அதற்கு மேலோ ஆனால் நிறுத்து. நூறு தடவை வாசித்தேன். அதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அந்த வரியில் தப்பு இல்லை. பிறகுதான் கம்பைலர் தருகிற அசெம்பிளி லிஸ்டிங்கைத் திறந்தேன். ஒரு வரி அங்கே ஆறாக விரிந்து கிடந்தது. முந்தைய கடனை அழி. சில்லறைப் பெட்டியை எடு. அதிலிருந்து 232-ஐக் கழி. கட்டுப் பெட்டியை எடு. அதிலிருந்து 3-ஐக் கழி. கடன் விழுந்தால் இன்னும் ஆயிரம் ஆகவில்லை, திரும்பிப் போ.

சில்லறையை எடுக்கிறது, அப்புறம்தான் கட்டை எடுக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதில்லை.

இந்த இடத்தில் மருமகனுக்குப் புரியவில்லை. பழைய மொபெட்டின் கிலோமீட்டர் மீட்டரைச் சொன்னேன். மீட்டர் 299-ல் இருக்கிறது. நீ கடைசி இரண்டு இலக்கத்தை முதலில் பார்த்து 99 என்று மனதில் வைத்துக்கொள்கிறாய். கண்ணை இடப்பக்கம் நகர்த்துவதற்குள் மீட்டர் புரண்டுவிடுகிறது, 300. முதல் இலக்கம் இப்போது 3. நீ நோட்டில் எழுதுவது 399. மீட்டரும் சரியாகத்தான் ஓடியது, உன் கண்ணும் சரியாகத்தான் பார்த்தது. எழுதியது மட்டும் தப்பு.

என் போர்டிலும் அதேதான். எண்ணிக்கை 767, அதாவது இரண்டு கட்டு, சில்லறை 255. எந்திரம் சில்லறையை எடுத்துக்கொண்டது. அதே நொடியில் ஒரு குழாய் சென்சாரைத் தாண்டுகிறது. சென்சார் கூப்பிட்டால் ஐசி கையிலுள்ள வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடும், அதற்குப் பெயர் இன்டரப்ட். டீ ஆற்றிக்கொண்டிருக்கிற மாஸ்டர் போன் அடித்ததும் ஓடுகிற மாதிரி. ஓடிப்போய் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. 768 ஆகிவிட்டது, மூன்று கட்டு, சில்லறை பூஜ்யம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அடுத்த வேலை கட்டை எடுப்பது. மூன்று. கையில் ஏற்கெனவே இருக்கிற சில்லறை 255. ஆக மூன்று கட்டும் 255-ம், 1,023. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, மணி அடி. சாக்கில் இருப்பது 768 குழாய்.

இரண்டு வாசிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. குழாய் சரியாக அந்த இடுக்கில் விழ வேண்டும், அதுவும் 767 முடிந்து 768 ஆகும்போது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தவரை முப்பது நாற்பது சாக்குக்கு ஒன்று சிக்கும். பத்து சாக்கு ஓட்டிப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? அந்த அக்கா நூறு சாக்குக்கு மேல் எண்ணியிருந்தார்.

திருத்தம் இரண்டே வரி. எண்ணிக்கையை எடுப்பதற்கு முன் இன்டரப்ட்டை நிறுத்து, இரண்டு பெட்டியையும் படி எடுத்துக்கொண்ட பின் மறுபடி திற. நடுவில் குழாய் விழுந்தால் வாசலில் காத்திருக்கும், விட்டுப்போகாது. அசெம்பிளியிலேயே எழுதியிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இரண்டு வரி தனித்தனியாகக் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கும். ‘சி’ அவற்றை ஒன்றாக மடித்து உள்ளே வைத்துவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மருந்துக் கலவை மாதிரியா மாமா? மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள ஒரு சின்ன உராய்வு...” என்று ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் என்ற பெயரை நாடே டிவியில் பார்த்தது. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். டீக்கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் யாருக்கு யார் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஒரு கம்ப்யூட்டர் பாடத்துக்கு அதை உவமையாக எடுக்க எனக்கு வாய் வரவில்லை. “வேற சொல்லு” என்றேன். அவனும் புரிந்துகொண்டான்.

“ஒங்க கதை எட்டு பிட் காலத்துக் கதை மாமா. இப்ப எல்லாம் 64 பிட்டு.” சரியான கேள்விதான். பெட்டி பெரிதாகிவிட்டது, ஆனால் ‘ஒரு வரி உள்ளே பல வரி’ என்பது அப்படியேதான் இருக்கிறது. இன்றைய ஐசியில் நாலு கோர், எட்டு கோர். பொதுவான ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டு என்று எழுதுகிற ஒரே வரி, அடியில் எடு, கூட்டு, திரும்ப வை என்று மூன்று வேலையாக இருக்கலாம். இரண்டு கோர் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். டிக்கெட் புக்கிங்கிலும் பேங்க் கணக்கிலும் இதற்காகத்தான் பூட்டுப் போட்டு வைக்கிறார்கள். பூட்டு எதற்கு என்று தெரியாமல் போடுகிறவன் தேவையில்லாத இடத்தில் எல்லாம் போடுவான், வேண்டிய இடத்தில் விட்டுவிடுவான்.

அண்மைக் கதை ஒன்றும் இருக்கிறது. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் தன் கணினியில் எதையோ சோதித்துக்கொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கமாக 0.3 நொடி ஆகும் இடத்தில் 0.8 நொடி ஆனது. அரை நொடி! நாமெல்லாம் நெட் ஸ்லோ என்று விட்டுவிடுவோம். அவர் பிராசஸர் எந்தக் கட்டளைகளில் நேரத்தைச் செலவழிக்கிறது என்று இறங்கிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சாதாரண நூலகத்துக்குள்ளே, பெயரே இல்லாத ஓர் இடத்தில் நேரம் போய்க்கொண்டிருந்தது. பெயரில்லாத இடம் என்றால் அதற்கு நேரான மூல வரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை என்று அர்த்தம். யாரோ திட்டம் போட்டு உள்ளே வைத்த கள்ளக் கதவு அது. மூல நிரலை வாசித்திருந்தால் அகப்பட்டிருக்காது. சோதனைக்கு என்று வைத்திருந்த கோப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். உலகத்து சர்வர்களில் பெரும்பங்குக்குப் பரவுவதற்கு முன்னால் பிடிபட்டது. தான் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை என்று அவரே எழுதினார். கீழே இறங்கிப் பார்க்கக் கூசாதவர், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடை பில் போடுகிற ஆப்போ, காலேஜ் வெப்சைட்டோ செய்கிறவனுக்கு இதெல்லாம் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நேராகத் தேவைப்படாமல் போகலாம். அவன் ஆப் மந்தமாக ஓடினால் பெரும்பாலும் டேட்டாபேஸில் இன்டெக்ஸ் போடாததுதான் காரணமாக இருக்கும், பிராசஸர் இல்லை. அங்கே போய் அசெம்பிளி படிக்கிறேன் என்பது, மொபெட்டில் பெட்ரோல் இல்லாததற்கு என்ஜினைப் பிரிக்கிற கதை. படித்தவர்கள் சிலரிடம் ஒரு திமிரும் உண்டு, ‘அசெம்பிளி தெரியாதவன் புரோகிராமரா’ என்று. அவர்களிடம் எனக்கு ஒட்டாது.

“ஏஐகிட்ட லிஸ்டிங்கக் குடுத்தா அதுவே வாசிச்சுச் சொல்லிருமே?” சொல்லும். நானே கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பழைய ‘சி’ வரியையும் இன்டரப்ட் பகுதியையும் ஒன்றாகப் போட்டு என்ன தப்பு என்று கேட்டால் உடனே சொல்லிவிட்டது. ஆனால் 2003-ல் என் முன்னால் இருந்தது அந்த இரண்டு துண்டு நிரல் அல்ல. சுவரில் கரியால் எழுதிய ஓர் எண்ணும், நடுவில் எவனோ எடுக்கிறான் என்று நம்புகிற ஒரு முதலாளியும்தான். குழாய் திருட்டுக்கும் லிஸ்டிங்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றினால்தானே லிஸ்டிங்கைக் கொண்டுபோய் யாரிடமாவது கேட்பாய்? 768-ஐப் பார்த்ததும் மூன்று 256 என்று படுவதற்கு, 00 42 ஏன் தலைகீழாக இருக்கிறது என்று என்றைக்கோ ஒருநாள் யோசித்திருக்க வேண்டும்.

“சரி, எதுல ஆரம்பிக்க?” என்றான். 8085 வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போதும் என்றேன். ரிஸ்க்-ஃபைவ் என்று ஒன்று இருக்கிறது. 2010-ல் பெர்க்லியில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அதன் அடிப்படைத் தொகுப்பில் மொத்தமே 40 கட்டளை. ஒரு வாரத்தில் பழகிவிடும். இது எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரமும் அல்ல. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு இதை வைத்துத்தான் ‘சக்தி’ பிராசஸரைச் செய்து, 2018-ல் சில்லாக எடுத்துக் காட்டினார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிக்கான ‘ஐரிஸ்’ சில்லை அறிவித்தார்கள். அது சண்டிகரில் வார்த்தது. புதுச் சில்லு கையில் வந்த முதல் நாள் அதில் எந்த மொழியும் ஓடாது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுகிற சில வரிகளை யாராவது அசெம்பிளியில் எழுதித்தான் அதை எழுப்ப வேண்டும்.

அதோடு, ‘கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்’ என்று மேட் காட்போல்ட் செய்து வைத்த ஓர் இணையக் கருவி இருக்கிறது. இடப்பக்கம் ‘சி’ எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி வரும், எந்த வரி எதுவாகிறது என்று நிறம் போட்டுக் காட்டும். செல்போனிலேயே பார்க்கலாம். அங்கேயே திறந்து, ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டுகிற சுழற்சியை அடித்துக் காட்டினேன். வலப்பக்கம் சுழற்சியைக் காணோம், 5050 என்ற எண் மட்டும் இருந்தது. “ஏய்...” என்று போனைப் பிடுங்கிக்கொண்டான். நூறை ஆயிரமாக்கினான், கூட்டலைப் பெருக்கலாக்கினான். 10-ஆல் வகுக்கச் சொன்னால் வகுத்தலே இல்லாமல் ஏதோ ஒரு விநோதமான பெரிய எண்ணால் பெருக்குகிறதே என்றான். அது ஏன் என்று நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டேன். சேவு தீர்ந்துவிட்டது.

எழுந்திருக்கும்போது கேட்டான். “அந்த அக்காவுக்குப் பிடிச்ச காசக் குடுத்தாங்களா மாமா?”

அந்தச் சுவரில் இருந்த மூன்று சாக்குக்குப் பட்டறைக்காரர் கொடுத்தார், நான் போய் நின்றதால். மற்ற ஊர்களில் எத்தனை வீடு, எத்தனை சாக்கு என்பதற்குக் கணக்கு இல்லை. யாரும் அங்கெல்லாம் சுவரில் எழுதி வைக்கவில்லை. பில் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், அதைப் பட்டறைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஐசியை மாற்றி எட்டு மாதம் கழித்து ஒருநாள் அந்த அக்கா வீட்டு வழியாகப் போனேன். புதுச் சாக்கை முற்றத்தில் கொட்டிப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். “இப்ப சரி பண்ணிட்டேன்க்கா, இனிமே எண்ண வேண்டாம்” என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமலே, “முன்னயும் சரியா இருக்குன்னுதான தம்பி எழுதிக் குடுத்தீங்க” என்றார். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, சொல்லும்போதே அடுத்த பத்தை ஒதுக்கினார்.